அந்தமானுக்கு டிக்கெட் போட்டாச்சா?

குர்காவ்ன்ல நம்ம தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வருஷம் அந்தமான் ஜுரம். போங்க, வேண்டாம்னு சொல்ல நான் யாரு? ஹேவ்லாக்ல (2018-லேர்ந்து ஸ்வராஜ் தீவு) ராதாநகர் கடற்கரையைப் பார்த்த கண்ணுக்கு இந்த ஊர்ப் புழுதி கொஞ்ச நாள் மறக்கும்.

ஆனா "இயற்கை, இயற்கை"ன்னு உருகுறவங்க மேப்புல இன்னும் கொஞ்சம் தெற்கே பாருங்க. கிரேட் நிக்கோபார். துறைமுகம், விமான நிலையம், நகரம் கட்ட அங்கே சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டைக் கொடுக்க மத்திய அரசு 2022-லேயே தலையாட்டிருச்சு. துறைமுகம் வரப்போற கலத்தியா விரிகுடா, உலகத்துலயே பெரிய கடலாமையான லெதர்பேக் வந்து முட்டையிடுற இடம். சரணாலய அந்தஸ்தை 2021-லேயே பிடுங்கிட்டாங்க. அந்தக் காடுதான் சில நூறு ஷோம்பென் மக்களுக்கு வீடு, அவங்களை யார் கேட்டா?

இதைவிடக் கூத்து, வெட்டுற மழைக்காட்டுக்கு ஈடா காடு வளர்க்கப் போறது எங்கே தெரியுமா? நம்ம ஹரியானாவுல! ஆரவல்லி முள்ளுச்செடியில ஆமை வந்து முட்டையிடுமா சாமி?

போயிட்டு வாங்க. ஆனா நிக்கோபார் பத்திப் பேச்செடுத்தா "அது பாலிடிக்ஸ்"னு நழுவுறவங்க, தயவுசெஞ்சு கடற்கரை போட்டோவை என்கிட்ட காட்டாதீங்க.