குப்பையிலிருந்து வரும் உரம்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பகுதிகளில் வயலும் தொழிற்சாலையும் அடுத்தடுத்து இருக்கின்றன. இங்கு சேரும் குப்பை உங்கள் நிலத்துக்கு உரமாகவும் வரலாம், நஞ்சாகவும் வரலாம். அதை முடிவு செய்வது, குப்பையைத் தரம் பிரிக்கும் இடம்தான்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய திடக்கழிவு மேலாண்மை விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்காகப் பிரித்துத் தர வேண்டும். தினமும் 100 கிலோவும் அதற்கு மேலும் குப்பை சேரும் நிறுவனங்கள், ஈரக் கழிவைக் கூடியவரை தங்கள் வளாகத்திலேயே பதப்படுத்த வேண்டும். ஆலை கேன்டீன்களும் இதில் அடங்கும். எனவே, இனி இந்த உரம் உங்களைத் தேடி வர வாய்ப்பு அதிகம்.

நெல்லுக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் அல்லது மக்கிய உரம் இட வேண்டும். மாடு குறைந்துவிட்ட ஊர்களில் இந்த உரம் கைகொடுக்கும். ஆனால் வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள்.

1. தயாரிக்கும் இடத்துக்கு நேரில் செல்லுங்கள். ஈரக் கழிவு தனியாக வருகிறதா? கலப்புக் குப்பையைச் சலித்துத் தந்தால் வேண்டாம்.

2. ஒரு பிடி உரத்தை ஈரமாக்கி, பாலித்தீன் பையில் இறுகக் கட்டி 3 நாள் வையுங்கள். திறக்கும்போது துர்நாற்றம் வந்தால் இன்னும் மக்கவில்லை.

3. ஆய்வறிக்கை கேளுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, நகரக் கழிவு உரத்தில் கிலோவுக்கு காட்மியம் 5 மில்லி கிராமுக்கும், ஈயம் 100 மில்லி கிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. இவை கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. மண்ணில் சேர்ந்தால் எடுப்பதும் கடினம்.

ஆலைக் கழிவுநீர்ச் சேறு, பெயின்ட் கசடு ஆகியவற்றை 'இலவச எரு' என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள். அபாயகரமான கழிவுகள், கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அனுமதி பெற்ற நிலையங்களுக்கே போக வேண்டும். உங்கள் பகுதியில் கொட்டினால் புகைப்படம் எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

நம் பங்கும் உண்டு. பழைய நிலப்போர்வை, சொட்டுநீர்க் குழாய், உரச் சாக்கு ஆகியவற்றை எரிக்காமல், மண்ணை உதறி உலர் கழிவாகக் கொடுங்கள். பூச்சிமருந்து பாட்டிலை 3 முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றுங்கள். பிறகு பாட்டிலில் ஓட்டையிட்டுத் தனியாக ஒப்படையுங்கள். ஈரக் கழிவில் போட்டால், அந்த மருந்து உரத்தோடு உங்கள் வயலுக்கே திரும்பி வரும்.