வாயு வருகிறது, ஈரம் வருகிறதா?

கிளியனூரில் எங்கள் மல்லாட்டைக் கொல்லைக்கு போர்செட்டிலிருந்து ஹோஸ் இழுத்துத்தான் தண்ணீர் பாய்ச்சுகிறோம். மோட்டாரை நிறுத்தினால் மேட்டில் கிடக்கும் ஹோஸ் காலியாகிவிடும். பள்ளத்தில் கிடக்கும் துண்டில் மட்டும் தண்ணீரும் வண்டலும் தங்கியிருக்கும். சுருட்டித் தோளில் போடும்போது அத்தனையும் சட்டையில்தான் கொட்டும். காவிரிப் படுகையில் எரிவாயு சேகரிப்பு நிலையம் ஒன்றில் இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டு வந்தவன் நான். சட்டையில் கொட்டும்போதெல்லாம் பழைய வேலை ஞாபகம் வந்துவிடும்.

கிணற்றிலிருந்து வரும் வாயு வெறும் மீத்தேன் இல்லை. நீராவி வரும், பெட்ரோலுக்குப் பங்காளிகளான கனத்த சரக்குகளும் வரும். குழாயில் போகப் போகச் சூடும் அழுத்தமும் இறங்க, கனமானது திரவமாகப் பிரியும். அதுதான் கன்டென்சேட். தண்ணீரோடு சேர்ந்து, வாய்க்காலைக் கடக்கக் குழாய் தாழும் இடத்தில் தேங்கும். வாயுவில் கரியமில வாயு இருந்தால் அந்தத் தண்ணீர் அமிலமாகி, கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில், அதாவது குழாயின் அடிவயிற்றில், இரும்பைத் தின்னும். வெளியே பூச்சு புதுசு போலவே இருக்கும்.

இந்தத் தேங்கலைத் தள்ளத்தான் குழாய்க்குள் அடைப்பான் போல ஓடும் 'பிக்' விடுவது. நாங்கள் பன்னி என்போம். வாயுவின் அழுத்தமே அதைத் தள்ளிக்கொண்டு போகும். மறுமுனையில் அழுத்தத்தை இறக்கி, திரவத்தை வடித்து, கதவைத் திறந்தால் கறுப்புச் சேறு. கையில் மண்ணெண்ணெய் வாடை இரண்டு நாளைக்குப் போகாது. அந்தக் கறுப்பில் இரும்பு சல்ஃபைடு இருந்தால் காய்ந்ததும் தானாகவே பற்றிக்கொள்ளும் என்பதால் ஒருவன் தண்ணீரோடு பக்கத்திலேயே நிற்பான். ஒருமுறை இரண்டு பேரல் எதிர்பார்த்த இடத்தில் பதினொன்று வந்தது. முந்தைய ஓட்டத்தை யாரோ தள்ளிப் போட்டிருந்தார்கள். பேரேட்டில் எழுதினோம், பேரேடு அலமாரிக்குப் போனது. ஊருக்கு ஒன்றும் தெரியாது.

2014 ஜூன் 27 விடியற்காலையில் ஆந்திராவின் கோனசீமாவில், நகரம் என்ற ஊரில் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், தென்னந்தோப்புகள் கருகின. உலர் வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈர வாயு ஓடியதும், உள்ளே அரித்ததும் பிறகுதான் வெளிவந்தது. கசிவு வாடை வருகிறதென்று அக்கம்பக்கத்தார் முன்பே சொல்லியிருந்ததாகவும் செய்தி. காவிரிப் படுகையில் உள்ள கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று கசிந்தது கச்சா எண்ணெய். அது வேறு குழாய், வேறு கதை. ஆனால் அங்கேயும் குழாய்க்குள் என்ன நடக்கிறதென்று மேலே உழுதவனுக்கு யாரும் சொல்லவில்லை.

எண்ணூரிலிருந்து புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை வழியாகத் தூத்துக்குடிக்குப் போகும் இந்தியன் ஆயில் குழாய்த் திட்டம் எங்கள் மாவட்டத்தையும் தொடுகிறது. எண்ணூரில் இறங்குவது மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்துக் கப்பலில் வரும் வாயு. குளிரவைக்கும் முன்பே நீரை எடுத்துவிடுவதால் பயப்பட அதிகமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழாய்களெல்லாம் வலைப்பின்னலாக இணைந்தால் நாளை யார் வாயுவை யார் குழாயில் திருப்புவார்கள்? படுகை வாயுவை ஈரம் எடுக்காமல் அதில் விட்டால் ஆந்திராவின் அந்த நகரம் ஊரில் நடந்ததுதான் இங்கேயும்.

1962ஆம் வருஷப் பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி குழாய் போகும் துண்டு நம் பேரிலேயே இருக்கும். உபயோக உரிமை மட்டும் அவர்களுக்கு. அதற்கு நிலமதிப்பில் 10 சதவீதம். அந்தத் துண்டில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, சவுக்கு வைக்கக்கூடாது. இவ்வளவு கட்டுப்பாட்டுக்கு ஒத்துக்கொள்கிறவனுக்கு பன்னி ஓட்டத்தை எழுதும் அந்தப் பேரேட்டின் நகல் பஞ்சாயத்து அலுவலகத்தில் கிடைக்க வேண்டும். பாதுகாப்பு ரகசியம் என்பார்கள். குழாய் போகும் தடத்தை அவர்களே குறியீட்டுக் கல் நட்டு ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள். அதிலிருந்து எத்தனை பேரல் வடிந்தது என்பதில் என்ன ரகசியம்?

ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து கேட்க ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஈர வாயுவா, உலர் வாயுவா? பன்னி கடைசியாக எப்போது ஓடியது? என்ன வந்தது?