கவனக்குறைவா? அளவுக்குறைவா?

எங்கப்பா மீஞ்சூரில் ஒரு மரப்பட்டறையில் டேபிள் சா ஓட்டுகிறார். இடது கையில் அவருக்கு நாலு விரல்தான். "கவனக்குறைவுப்பா" என்றது ஊர். அவரும் அதையே நம்பினார். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த நான் நம்பவில்லை.

போன லீவில் அளந்து பார்த்தேன். ஃபென்ஸின் பின்பக்கம் பிளேடை 3 மில்லிமீட்டர் நெருங்கியிருந்தது! அப்படியிருந்தால் பலகை நடுவில் இறுகும். மேலேறும் பின்பற்கள் அதைத் தூக்கி ஆள் மேலேயே எறியும். கை நிலைதடுமாறிப் பிளேடில் விழும்.

சரிசெய்வது பெரிய வித்தையா? பிளக்கைப் பிடுங்குங்கள். பிளேடின் ஒரு பல்லில் சாக்பீஸ் குறி போட்டு, அதை முன்னும் பின்னும் சுழற்றி, மேசைக் காடியிலிருந்து அளவெடுங்கள். இரண்டும் ஒன்றாக வரவேண்டும். ஃபென்ஸையும் அதே காடிக்கு இணையாக்குங்கள். மழுங்கிய பல்லைச் சாணை பிடியுங்கள். கழற்றி வைத்த கார்டை மாட்டுங்கள். பலகையும் நேராக வரும், விரலும் தப்பும்.

மோட்டார் ஓடும் இடத்தில் 10 பேராவது இருந்தால்தான் தொழிற்சாலை என்றது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு அதை 20 ஆக்கியது. அப்பா பட்டறையில் மொத்தம் நாலு பேர். விரல் போக ஒரு ஆள் போதுமே!

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த லீவில் உங்க ஊர்ப் பட்டறைக்கு ஒரு ஸ்கேலோடு போங்கள். படித்த படிப்பு அங்கேதான் பாஸாக வேண்டும்.