மிச்சமும் குறையும்



பிள்ளை கணக்குக் கொப்பியை நீட்டினால், "எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, நீயே பார்" என்று எங்களில் பலர் திருப்பிக் கொடுத்து விடுகிறோம். அப்படிக் கொடுக்கத் தேவையில்லை. கணக்கு எங்களுக்குத் தெரிந்த கணக்குத்தான். தடக்குவது நாலு ஆங்கிலச் சொற்கள்.

பங்கிடும் கணக்குகளில் "ஈச்" என்றால் ஆளுக்கு. "ஈக்குவலி" என்றால் சமமாக. "லெஃப்ட் ஓவர்" என்றால் மிச்சம். "ஷோர்ட்" என்றால் காணாது. இந்த நாலையும் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

இனிக் கணக்கு. ஒரு ரீச்சர் பிள்ளைகளுக்கு ரொபி பங்கிடுகிறார். ஆளுக்கு 3 கொடுத்தால் 4 மிச்சம். ஆளுக்கு 4 கொடுத்தால் 5 காணாது. பிள்ளைகள் எத்தனை பேர்? ரொபி எத்தனை?

நாங்கள் இதை மனதாலே செய்வோம். ஆளுக்கு ஒன்று கூட்டிக் கொடுக்க, மிச்சமிருந்த 4உம் முடிந்து இன்னும் 5 தேவைப்படுகிறது. ஆக 9. ஆளுக்கு ஒன்றுதானே கூட்டினோம், எனவே பிள்ளைகள் 9 பேர். ஒன்பது மூன்று 27, மிச்சம் 4, ரொபி 31.

விடை சரி. ஆனால் இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.ஈ கணிதப் பரீட்சையில் செய்கைக்கும் புள்ளி உண்டு. அதனால் பிள்ளை அட்சரகணிதத்தில் எழுதப் பழக வேண்டும். பிள்ளைகளின் தொகையை "ப" என்போம். பள்ளியில் "எக்ஸ்" என்பார்கள். எழுத்து எதுவானாலும் ஒன்றுதான். எப்படிப் பங்கிட்டாலும் பையிலுள்ள ரொபி மாறாது. ஆகவே:

3ப + 4 = 4ப − 5
இரு பக்கமும் 5ஐக் கூட்ட: 3ப + 9 = 4ப
இரு பக்கமும் 3பவைக் கழிக்க: 9 = ப

9ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் நூற்பெயரில் வரும் "அல்-ஜபர்" என்ற அரபுச் சொல்தான் பின்னர் "அல்ஜிப்ரா" ஆனது. குறையை நிரப்புதல் என்பது அதன் கருத்து. மேலே 5ஐக் கூட்டியது அந்த வேலைதான். முதுசம் பங்கிடும் கணக்குகளும் அந்த நூலில் உண்டு.

பிள்ளை "எக்ஸ்" போட்டுச் செய்தால், "எங்கள் முறைதான் சுகம்" என்று வாதாட வேண்டாம். இரண்டு முறையிலும் செய்து ஒரே விடை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதலில் கணக்கைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் சொல்ல முடிந்தால் பிள்ளைக்குக் கணக்கு விளங்கிவிட்டது.

வீட்டுக்கு வரும் கடிதம், டொக்டர், கவுன்சில் என்று எல்லா இடத்திலும் பிள்ளைதான் எங்களுக்குச் சொல்லித் தருகிறது. கணக்குக் கொப்பியை விரித்தாவது பிள்ளை எங்களிடம் கேட்கட்டும்.

இம்முறைக் கணக்கு: பொங்கல் விழா மண்டபத்துக்குக் குடும்பத்துக்கு 8 பவுண் போட்டால் 12 பவுண் காணாது. 10 பவுண் போட்டால் 6 பவுண் மிச்சம். குடும்பங்கள் எத்தனை? வாடகை எவ்வளவு? இங்கே கூடியது ஒன்றல்ல, இரண்டு. கவனம். விடை அடுத்த இதழில்.