அலமாரியில் பூனைக்குப் படுக்கையறை ஓகே... பாத்ரூம் வேண்டாம்!

கட்டம் கட்டமாக இருக்கும் ஐகியாவின் கல்லாக்ஸ் அலமாரியைப் புத்தகம் அடுக்கத்தான் வாங்குகிறார்கள். ஆனால், முதலில் குடியேறுவது வீட்டுப் பூனை! ஒரு கட்டத்தின் அகலமும் உயரமும் சுமார் 33 செ.மீ. பின்பலகை கிடையாது என்பதால், சுவரோடு ஒட்டிவைத்தால் குட்டிக் குகைதான். பழைய டவலை மடித்துப் போட்டால் போதும். 2017-ல் ஐகியாவே இந்தக் கட்டத்துக்குள் பொருந்தும் பூனை வீட்டை அறிமுகப்படுத்தியது.

அத்தோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. சிலர் நடுப்பலகையில் ஓட்டை போட்டு, உள்ளே மணல் தட்டையும் வைத்துவிடுகிறார்கள். பலகை பார்க்கத்தான் மரம். உள்ளே இருப்பது தேன்கூடு போல மடித்த காகிதம். அறுத்த விளிம்பில் சிறுநீர் பட்டால் ஊறி உப்பிவிடும், நாற்றமும் போகாது. தவிர, மணல் தட்டு பூனையின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். 33 செ.மீ கட்டத்தில் அது எங்கே நுழையும்? முயல் வளர்ப்பவர்கள் அறுக்கவே வேண்டாம். விளிம்பைக் கொறித்தே தீர்த்துவிடும்.

இன்னொன்று, பூனை உச்சிக்குத்தான் தாவும். சுவரில் ஸ்க்ரூ போடாத அலமாரி கவிழலாம். டிராயர் அலமாரிகள் கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததால், 2016-ல் அமெரிக்காவில் சுமார் 2.9 கோடி அலமாரிகளை ஐகியா திரும்பப் பெற்றது. வாடகை வீடா? எட்டுக் கட்ட அலமாரியைப் படுக்கை வாட்டில் வைத்தால் உயரம் 77 செ.மீ-தான், ஆபத்து குறையும். தவழும் குழந்தை இருந்தால் அதுவும் போதாது. ஹவுஸ் ஓனரிடம் பேசி, இரண்டு ஸ்க்ரூ போட்டுவிடுங்கள்.