கனமான வாயு மேலே போகாதாம்!

குளோரோஃப்ளூரோகார்பன் காற்றைவிட நான்கு மடங்கு கனமானது, அது எப்படி 20 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய் ஓசோனைத் தின்னும் என்று கேட்கிறார் ஓசோன் ஓட்டைக்கு அதுதான் காரணம் என்பதை நம்பாத ஒரு கட்டுரையாளர். கேட்டதோடு வழக்கே முடிந்துவிட்ட தொனி வேறு. கரியமில வாயுவும் காற்றைவிடக் கனம்தான். அவர் கணக்குப்படி அது தரையோடு படிந்து நாமெல்லாம் எப்போதோ மூச்சுத் திணறிப் போயிருக்க வேண்டும். சுமார் 100 கிலோமீட்டர் உயரம்வரை வாயுக்களை எடை பிரிப்பதில்லை; காற்றோட்டம் கலக்கிவிடுகிறது.

அடுத்து, எரிமலையும் குளோரின் கக்குகிறதே என்று அதைத் துணைக்கு அழைக்கிறார். எரிமலை கக்கும் குளோரின் பெரும்பாலும் ஹைட்ரஜன் குளோரைடு; தண்ணீரில் கரையும், மழையோடு இறங்கிவிடும். குளோரோஃப்ளூரோகார்பன் கரையாது, எதனோடும் எளிதில் வினைபுரியாது. சாதுவான அந்தக் குணம்தான் அதை மேலே கொண்டு சேர்க்கிறது. அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரின் விடுபடுகிறது.

வடக்கில் வெளியேற்றிய வாயு தெற்கில் ஏன் ஓசோனில் ஓட்டை போடுகிறது என்றும் கேட்கிறார். இது நல்ல கேள்வி. அண்டார்டிகாவின் குளிர்கால இருட்டில், மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே, வானில் உயரே மேகங்கள் உருவாகின்றன. செயலற்றுக் கிடந்த குளோரின் சேர்மங்கள் அந்தத் துகள்களின் பரப்பில் வினைபுரிந்து குளோரின் வாயுவாகின்றன. செப்டம்பர் வெயில் பட்டதும் அது அணுக்களாகப் பிளக்கிறது. 1987இல் சிலியின் புந்தா அரேனாஸிலிருந்து பறந்த ஆய்வு விமானம் அளந்தபோது, அந்த அணுக்கள் ஓசோனைத் தாக்குகையில் உருவாகும் குளோரின் மோனாக்சைடு ஏறிய இடத்திலேயே ஓசோன் சரிந்திருந்தது.