சிலைக்குப் பால்! தாழிக்குக் கடப்பாரை!

அணைக்கு அடிக்கல் நாட்டுகிறார்கள். பந்தல் எழும்புகிறது, மேளம் முழங்குகிறது, புரோகிதர் வருகிறார், பூமி பூசை நடக்கிறது. நல்ல நேரம் பார்த்து முதல் மண்வெட்டி மண்ணிலே இறங்குகிறது. பொறியாளர் இருக்கிறார்; ஒப்பந்தக்காரர் இருக்கிறார்; ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் மட்டும் இல்லை. வெட்டப்படும் மண்ணுக்குள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவர் இல்லை. தொல்லியல் ஆய்வாளருக்கு அந்தப் பந்தலிலே நாற்காலி கிடையாது. பிறகு தோண்டப்படும் பள்ளத்தின் ஓரத்திலேயும் இடம் கிடையாது!

மண்ணைப் பூசிக்க ஒருவருக்கு நேரம் உண்டு, மண்ணைப் படிக்க ஒருவருக்கு நேரம் இல்லை என்றால், அந்த நாட்டின் அறிவு எங்கே நிற்கிறது? தோழர்களே, இதுதான் நம் கேள்வி.

மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை நாம். அகல் விளக்கின் புகையிலே கண் கெட்டுப் படித்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். ஆறு சும்மா ஓடிக் கடலிலே விழுவதைவிட, சுழலியைச் சுற்றி ஒளி தந்துவிட்டுப் போகட்டும் என்பதே நம் கட்சி. ஆனால், ஒளி தரும் பணி நடக்கும் இடத்திலேயே வரலாற்றை இருளிலே புதைப்பதா? அதைத்தான் எதிர்க்கிறோம்.

வெகு தொலைவு போக வேண்டாம். அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்து இளைஞன் மிதிவண்டி ஏறிப் போய்வரக்கூடிய பல்லாவரத்துக்கு வாருங்கள். 1863 ஆம் ஆண்டு மே 30 ஆம் நாள். படைப் பயிற்சித் திடலருகே, சரளைக் கல்லுக்காகத் தோண்டப்பட்ட குழி. இராபர்ட் புரூசு பூட் என்னும் நிலவியலாளர் அங்கே ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதன் செதுக்கிய கைக்கோடரி! இந்தியாவிலே பழைய கற்காலம் உண்டு என்பதற்கு முதற் சான்று அதுதான். கோயில் கருவறையில் கிடைத்ததல்ல, கோட்டைக் கொத்தளத்தில் கிடைத்ததல்ல. சரளைக் குழியிலே கிடைத்தது! அந்தக் குழியிலே எத்தனை கூடை கல் அள்ளிக் கொட்டப்பட்டிருக்கும்? எத்தனை கண்கள் பார்த்திருக்கும்? எல்லாம் கல்லாகத்தான் தெரிந்தன. பயின்ற கண் ஒன்று பார்த்தது. வரலாறு இலட்சக்கணக்கான ஆண்டுகள் பின்னோக்கி நீண்டது!

அதே ஆண்டு செப்டம்பரில் பூட்டும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டனர். சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். பிற்காலத்தில் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அங்கே ஆண்டுக்கணக்கில் அகழ்ந்தார்கள். அங்குள்ள கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011 இல் வெளியிட்டார்கள். அதன் மேலடுக்குக் கருவிகள் 3,85,000 ஆண்டுகள் பழையவை என்று 2018 இல் வெளியிட்டார்கள். உலகம் வியந்தது.

எப்படிக் கணக்கிட்டார்கள்? சோழி உருட்டியா? ஏடு புரட்டியா? இல்லை. வானிலிருந்து வரும் கதிர்கள் வெளியிலே கிடக்கும் கல்லில் சில அணுக்களை உண்டாக்குகின்றன. கல் மண்ணுக்குள் புதைந்ததும் அந்த அணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. எஞ்சியதை அளந்தால், புதைந்த காலம் தெரிகிறது. இதற்கு ஒரே ஒரு நிபந்தனை: கல் எந்த ஆழத்தில், எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரிய வேண்டும். இயந்திரம் ஒருமுறை வாரிக் கொட்டிவிட்டால் கல் இருக்கும், காலம் போய்விடும்! சாட்சி உயிரோடிருக்க, நாக்கு மட்டும் அறுக்கப்பட்டது போல.

தாமிரபரணிக் கரையிலே சிவகளையில் நடந்ததைக் கேளுங்கள். ஈமத் தாழி ஒன்றினுள்ளே நெல் கிடைத்தது. அதைச் சோதனைக்கு அனுப்பினார்கள். கி.மு. 1155 என்று முடிவு வந்தது; 2021 இல் தமிழ்நாடு அரசு அதை அறிவித்தது. ஒரு பிடிக்கும் குறைவான நெல், 3,200 ஆண்டுகளுக்குச் சான்று கூறியது! அந்தத் தாழியின்மேல் கடப்பாரை விழுந்திருந்தால்? ஓடு ஒரு பக்கம், நெல் ஒரு பக்கம், வரலாறு குப்பை வண்டியிலே!

“அணை கட்டும்போது இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா?” என்று கேட்பார்கள் காரியக்காரர்கள். நடந்திருக்கிறது ஐயா, நடந்திருக்கிறது! கிருட்டிணை ஆற்றங்கரையிலே நாகார்சுனகொண்டா பள்ளத்தாக்கு. இட்சுவாகு மன்னர்களின் தலைநகரம் இருந்த இடம். அங்கே அணை வருகிறது என்றதும், 1954 முதல் 1960 வரை இந்தியத் தொல்லியல் துறை, இரா. சுப்பிரமணியம் தலைமையில் பள்ளத்தாக்கு முழுவதையும் ஆராய்ந்தது. கற்காலக் கருவி முதல் இடைக்காலக் கோட்டை வரை பதிவாயின. பௌத்தப் பள்ளிகளும், படிக்கட்டு அரங்கமும், குளிக்கும் துறைகளும் வெளிப்பட்டன. மூழ்கவிருந்த கட்டடங்களில் சிலவற்றைக் கல் கல்லாகப் பெயர்த்து, இன்று தீவாக நிற்கும் குன்றின்மேல் மீண்டும் எழுப்பினார்கள். அணைக்கு அடிக்கல் நாட்டியது 1955 டிசம்பர் 10. கட்டி முடித்தது 1967. ஆய்வு முடிந்து ஏழாண்டு கழித்துத்தான் அணையே முடிந்தது! ஆய்வால் தாமதம் என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு, மறைக்கமாட்டோம். நாகார்சுனகொண்டாவின் சின்னங்கள் 1926 லேயே கண்டறியப்பட்டுப் புகழ் பெற்றிருந்தன. எனவே மரியாதை கிடைத்தது. பெயர் பெற்ற ஊருக்குப் பேழை. பெயரில்லாத ஊருக்குப் புதைகுழியா?

மேட்டூரைப் பாருங்கள். 1934 இல் முடிந்த அணை. நீர் வற்றும்போதெல்லாம் பண்ணவாடியில் நந்தி சிலையும் மாதாகோயில் கோபுரமும் தலைகாட்டுகின்றன. பவானிசாகரைப் பாருங்கள். 1955 இல் முடிந்த அந்த அணையின் நீருக்கடியிலே டணாயக்கன் கோட்டை கிடக்கிறது. வறண்ட ஆண்டுகளில் கோயில் வெளியே தெரிகிறது. கூட்டம் கூடிக் கும்பிட்டுப் போகிறது. கல் கோபுரம் மீண்டும் எழும், தோழர்களே! ஆனால் சேற்றிலே கரைந்த குடிசையின் அடித்தளம் எழாது. உழவன் உடைத்தெறிந்த சட்டி எழாது. கொல்லன் உலையின் சாம்பல் எழாது. அரசன் கட்டியது நீருக்குள்ளும் நிற்கும். ஆண்டியும் அடியாளும் வாழ்ந்த சுவடு முதல் வெள்ளத்திலேயே போய்விடும். யாருடைய வரலாறு அழிகிறது என்பது இப்போது புரிகிறதா?

இங்கேதான் நம் மக்களின் மனப்போக்கையும் சொல்லியாக வேண்டும். பள்ளம் தோண்டும்போது ஒரு சிலை கிடைக்கட்டும், போதும்! வேலை நிற்கும், கற்பூரம் வரும், பால் குடம் வரும், “சாமி தானே வெளிப்பட்டது” என்று கதை பிறக்கும், மறு வாரம் உண்டியல் வந்து உட்காரும். ஆனால் அதே பள்ளத்தில் தாழி கிடைக்கட்டும். “பிணம் புதைத்த பானை, உடைத்துப் போடு” என்பார்கள். சிலைக்காக நிற்கும் இயந்திரம் தாழிக்காக ஏன் நிற்கக்கூடாது? சிலை எந்தச் சிற்றரசன் காலத்தது என்பதைக்கூடக் கேளாமல் கும்பிடுகிறவன், தன் பாட்டன் பாட்டியின் எலும்பைக் காலால் எற்றுகிறான். பக்தி வரலாற்றைக் காக்கவில்லை; பொறுக்கி எடுத்துக்கொண்டு மிச்சத்தை வீசுகிறது. காக்க வேண்டியது அறிவு!

சட்டம் காக்காதா என்பீர்கள். பார்ப்போம். 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் மண்ணில் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவி என்கிறது. உடைந்த ஓட்டுக்கு என்ன விலை? சாம்பலுக்கு என்ன விலை? தராசிலே தங்கம் நிற்கும், தாழி நிற்காது! 1958 ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டம் இருக்கிறது. 2010 இல் திருத்தி, சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்றார்கள். நல்லது. ஆனால் அது அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கு. இன்னும் கண்டுபிடிக்கப்படாததை எவன் அறிவிப்பது? 2006 ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையை எடுத்துப் பாருங்கள். அதன் நீர்மின் பிரிவு 25 மெகாவாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. மலையடிவாரச் சிற்றூரில் வரும் சிறு திட்டத்துக்கு அந்தக் கதவும் இல்லை. திட்டம் சிறிதென்றால் தோண்டும் மண்ணும் சிறு வயது மண்ணாகிவிடுமா?

நீர்மின் திட்டம் என்றால் அணைச்சுவர் மட்டுமல்ல. மண் எடுக்கும் குழி, கல் உடைக்கும் குன்று, தொழிலாளர் குடியிருப்பு, புதிய சாலை, நீர் பாயும் குழாய்வழி, மின்கோபுரத்தின் அடித்தளம் — இத்தனையும் சேர்ந்ததுதான். அணை வரும் இடத்தையாவது நான்கு பேர் பார்ப்பார்கள். மண் எடுக்கும் குழியை எவரும் பார்ப்பதில்லை. நீலகிரியிலே தொன்மையான கல்வட்டங்கள் உண்டு. அம்மலையின் முதல் ஆணையராயிருந்த பிரீக்சு அவற்றைத் தோண்டி ஆராய்ந்தார். அவர் மறைந்தபின் 1873 இல் அவர் நூல் வெளிவந்தது. அதே நீலகிரியில்தான் பைக்காரா, மோயாறு, குந்தா என்று மின்திட்டங்கள் எழுந்தன. 500 மெகாவாட்டுக்குக் குந்தா நீரேற்றுத் திட்டம் எடுக்கப்பட்டது. அத்தகைய மலையிலே வெட்டப்படும் ஒவ்வொரு சாலைத் திருப்பமும் ஒரு சரளைக் குழிதான். பூட்டின் கண்தான் வேண்டும்!

உலகம் என்ன செய்கிறது? அமெரிக்காவில் டென்னசி பள்ளத்தாக்கின் நோரிசு அணை எழும்போதே, 1934 இல் ஆய்வாளர்கள் அங்கே அகழ்ந்தார்கள். 1960 இல் நீர்த்தேக்கப் பகுதிகளின் தொல்பொருள் மீட்புக்குத் தனிச் சட்டமே வந்தது. எகிப்தில் அசுவான் அணைக்காக அபு சிம்பல் கோயில்களை 1964 முதல் 1968 வரை அறுத்துத் தூக்கி மேட்டிலே வைத்தார்கள். 1990 இல் பிரிட்டன், கட்டுகிறவன்தான் ஆய்வுச் செலவையும் ஏற்க வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தது. 2001 இல் பிரான்சு அதற்கெனச் சட்டம் இயற்றியது. அவர்களுக்கு மின்சாரம் நின்றுவிட்டதா? விளக்கு அணைந்துவிட்டதா?

நாம் கேட்பது மலையைப் புரட்டும் காரியமல்ல. திட்ட வரைபடம் முடிவாகுமுன் நிலம் முழுவதையும் நடந்து பார்க்கும் ஆய்வு வேண்டும். ஐயமுள்ள இடத்தில் சோதனைக் குழி வேண்டும். மேல்மண் அகற்றும்போது பயின்ற ஆய்வாளர் ஒருவர் உடன் நிற்க வேண்டும். சான்று தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு வேண்டும். அறிவுரை கூறும் அதிகாரம் அல்ல, நிறுத்தும் அதிகாரம்! அவருக்குரிய ஊதியம் ஒப்பந்தக்காரர் தரும் தயவாக இல்லாமல், திட்டச் செலவிலே தனித் தலைப்பாக இருக்க வேண்டும். கண்டதெல்லாம் தமிழிலே அறிக்கையாக வெளிவர வேண்டும். பொருளைக் கண்டு சொல்லும் கூலித் தொழிலாளிக்குக் காவல் நிலையம் காட்டப்படாமல், பாராட்டும் பரிசும் தரப்பட வேண்டும். பயந்தவன் கண்டதை மறைப்பான், மதிக்கப்பட்டவன் காட்டிக்கொடுப்பான்.

கள்ளிக்குப்பத்துத் தோழனே, மலையிலே கட்டும் அணைக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று எண்ணாதே. 1996 இல் பூண்டிக்கு வந்து சேர்ந்த கிருட்டிணை நீர், சிறீசைலம் நீர்த்தேக்கத்திலிருந்து புறப்படுவது. சிறீசைலம் மின்சாரமும் தரும் அணை. அதன் நீர் ஏறுமுன் கூடவெல்லிச் சங்கமேசுவரர் கோயிலை ஆலம்பூருக்குப் பெயர்த்துக் கட்டினார்கள். அந்த நீர் பூண்டிக்கு வந்து, கால்வாய் வழியே புழலுக்கும் வருகிறது. உன் குழாயிலும் விழுகிறது. மூழ்கிய ஊர்களின் மேல் நடந்து வந்த தண்ணீரைக் குடிக்கிறவனுக்கு, அந்த ஊர்களின் கதையைக் கேட்கும் கடமை இல்லையா?

உன் ஊரிலும் வடிகாலுக்கும் மாடிக் கட்டடத்துக்கும் நாள்தோறும் மண் தோண்டப்படுகிறது. நின்று பார்! கருப்பும் சிவப்புமான பானை ஓடோ, செதுக்கிய கல்லோ கண்ணில் பட்டால் பையிலே போட்டுக்கொள்ளாதே. கிடந்த இடத்திலேயே படம் எடு, ஆழத்தைக் குறித்துக்கொள், மாநிலத் தொல்லியல் துறைக்கும் ஆட்சியருக்கும் எழுது. பதில் வராவிட்டால் மறுபடி எழுது; பத்துப் பேர் கையெழுத்தோடு எழுது. பூசைக்கு நல்ல நேரம் குறித்துத் தருவோர் ஊருக்கு நூறு பேர் உண்டு. பள்ளத்தின் ஓரத்தில் நின்று, “நிறுத்து, பார்த்துவிட்டுத் தோண்டு!” என்று சொல்ல ஊருக்குப் பத்து இளைஞர் போதும்.